தொப்பி போட்டா தலை தப்புமா?

'ரக்பி ஆடுறேன்' என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? 'ரக்பினா என்ன?' என்பது இல்லைங்க. அந்தக் காலம் மலையேறிப் போச்சு. 2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் 'சென்னை புல்ஸ்' டீம் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்த பிறகு, அந்தக் கோழிமுட்டை வடிவப் பந்தை நம்ம ஊரிலும் நாலு பேருக்குத் தெரிகிறது. இப்போதெல்லாம் வருகிற கேள்வியே வேற...

"ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தானே ஆடுவீங்க?"

"இல்லைங்க, ஹெல்மெட் கிடையாது."

"ஐயையோ... அப்ப தலை?"

ஹாஸ்டல் வார்டன் மேடம், ஊரில் இருக்கும் பெரியம்மா, தினமும் கிரவுண்டில் இறக்கிவிடும் ஷேர் ஆட்டோ அண்ணா என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் இதைக் கேட்டுவிட்டார்கள். டிவியில் அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்துவிட்டு, அதுதான் ரக்பி என்று முடிவு கட்டியவர்களே இதில் பாதிப் பேர். அவர்களுக்கு அரை நிமிஷத்தில் விளக்கம் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால், இந்த வருஷம் அந்தக் கேள்வி எங்கள் டீமுக்குள்ளேயே வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்களின் வீட்டிலிருந்து ஒரே குரல்: 'தலைக்குப் பாதுகாப்பு இல்லாம எங்க பொண்ணை அனுப்ப மாட்டோம்.' பி.டி. சார் எங்களையே கூப்பிட்டு உட்கார வைத்தார். "எல்லாரும் ஹெட்கியர் போடணும்னு ரூல் போட்டுடலாமா? நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

நான் 'வேண்டாம் சார்' என்றேன். மூன்றாம் வருஷம் பி.காம். படிக்கிற, மூன்று வருஷமாக இந்த ஆட்டத்தில் புரண்டு எழுகிற எனக்கு, தலை மேல் அக்கறை இல்லாமல் இல்லை. அக்கறை இருப்பதால்தான் வேண்டாம் என்றேன். ஏன்னு சொல்றேன், கேளுங்க!

அது ஹெல்மெட் இல்லை பாஸ்!

முதலில் ஒரு விஷயத்தை க்ளியர் பண்ணிடலாம். ரக்பியில் போடும் தொப்பிக்கு 'ஸ்க்ரம் கேப்' என்று பேர். பைக் ஹெல்மெட் மாதிரி கெட்டி ஓடு கிடையாது. துணியில் தைத்த மெல்லிய பஞ்சுத் தட்டுகள், தாடைக்குக் கீழே ஒரு கட்டு, அவ்வளவுதான். அந்தப் பஞ்சு ஒரு சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது என்பதுதான் பல வருஷமாக இருந்துவரும் விதி. 'ஏன், கெட்டியாப் போட்டா என்ன?' என்று கேட்கலாம். ரக்பியில் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து புரளுகிறோம். என் தலையில் கெட்டி ஓடு இருந்தால், அது அடுத்தவள் பல்லுக்கு எமன்!

இந்தத் தொப்பி பிறந்த கதையே காதுக்காகத்தான். 'ஸ்க்ரம்' என்று ஒன்று உண்டு. ரெண்டு டீமின் முரட்டு ஆட்களும் தலையைக் குனிந்து, தோளோடு தோள் கோத்து, ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள். அந்த உரசலில் காது மடல் நசுங்கி, ரத்தம் கட்டி, காலிஃப்ளவர் மாதிரி வீங்கிப் போகும். வயசான மல்யுத்த வீரர்களின் காதைக் கவனித்திருந்தால் புரியும். காதைக் காப்பாற்ற, மண்டையில் வெட்டு, சிராய்ப்பு விழாமல் தடுக்க இந்தத் தொப்பி செம உதவி. அதை யாரும் மறுக்கவில்லை. விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று உலக அமைப்பான வேர்ல்டு ரக்பியின் விதியே அனுமதிக்கிறது.

பிரான்ஸ் கேப்டன் அந்துவான் துப்போன் ஞாபகம் இருக்கா? 2023 உலகக் கோப்பையில் நமீபியாவோடு ஆடும்போது மோதலில் கன்னத்து எலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து, ஒரு மாசம்கூட ஆகாத நிலையில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான கால் இறுதியில் தலையில் ஸ்க்ரம் கேப்போடு வந்து நின்றார். பிரான்ஸ் 28-29 என்று ஒரே புள்ளியில் தோற்றது தனி சோகம். அந்தத் தொப்பியைப் பார்த்த உலகமே 'ஆஹா, பாதுகாப்பா வந்திருக்கார்' என்று நிம்மதியானது. ஆனால், ஸ்க்ரம் கேப் கன்னத்தை மூடுவதே இல்லை! தொப்பி தருகிற தைரியத்தில் பாதி, பார்க்கிறவர்களுக்குத்தான்.

தூக்குவாளி தியரி

சரி, வெளியில் வெட்டு, சிராய்ப்பு ஓகே. உள்ளே இருக்கிற மூளைக்கு?

இதை எங்கள் அம்மாவுக்குப் புரிய வைக்க நான் கண்டுபிடித்ததுதான் தூக்குவாளி தியரி. தூக்குவாளி நிறைய சாம்பார் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போறீங்க. டிரைவர் சடன் பிரேக் அடிக்கிறார். வாளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே சாம்பார் என்ன பாடு படுகிறது? இப்போது அதே வாளியைச் சுற்றி ஒரு டர்க்கி டவலைக் கட்டுங்க. திரும்பவும் பிரேக். டவல் கட்டியதால் வாளி நசுங்காமல் வேண்டுமானால் தப்பிக்கும். சாம்பார் குலுங்குவது நிற்குமா?

மூளையும் மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கிற ஒரு மென்மையான சமாசாரம்தான். தலை வேகமாகத் திரும்பும்போதும், சட்டென்று நிற்கும்போதும் அது உள்ளே முறுக்கிக்கொண்டு குலுங்குகிறது. அதைத்தான் 'கன்கஷன்', மூளை அதிர்ச்சி என்கிறார்கள். தலையில் நேரடியாக அடி படவே வேண்டாம். தோளில் பலமாக மோதி, தலை வெடுக்கென்று ஆடினால்கூடப் போதும். மயக்கம் போட்டு விழணும் என்றும் அவசியமில்லை. தலைவலி, தலைசுற்றல், வாந்தி, வெளிச்சம் கண்ணைக் கூசுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது... இப்படி நைஸாகத்தான் எட்டிப் பார்க்கும். ஸ்கேன் எடுத்தால்கூட பெரும்பாலும் 'நார்மல்' என்றே வரும்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு உதாரணம். 2020 டிசம்பர் 4, கான்பெரா. நம்ம சேலம் நடராஜன் இந்தியாவுக்காக ஆடிய முதல் டி20. அந்த மேட்சின் கடைசி ஓவரில் ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் விழுந்தது. கெட்டியான, கம்பி வைத்த ஹெல்மெட். இருந்தும் கன்கஷன் என்று சொல்லி அவரை உட்கார வைத்தார்கள். அவருக்குப் பதில் இறங்கிய சஹல் மூணு விக்கெட் எடுத்தது தனிக்கதை. ஹெல்மெட் மண்டையை உடையாமல் காத்தது. மூளையைக் காத்தது, 'போய் உட்காரு' என்ற அந்த வார்த்தை. அந்த ரூலை ஐ.சி.சி. கொண்டுவந்ததே 2019-ல்தான்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஹெல்மெட்டை 1943-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். மண்டை உடைவது குறைந்தது, உண்மை. ஆனால், 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்துபோன 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளைப் பரிசோதித்தபோது, 110-ல் தொடர் அடிகளால் வரும் மூளைச் சிதைவு இருந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்களே அதிகமாகத் தானம் தந்த மூளைகள் அவை என்பதால், எல்லா வீரர்களுக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், 'ஹெல்மெட் இருக்கு, கவலையில்லை' என்று சொல்ல இனி யாருக்கும் வாய் வராது.

சும்மா தியரி பேசினால் ஆச்சா, ஆதாரம் எங்கே என்பீர்கள். ஆஸ்திரேலியாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் ரக்பி வீரர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான தொப்பி. ஒரு கூட்டத்துக்கு அதைவிடத் தடிமனான தொப்பி. ஒரு கூட்டத்துக்குத் தொப்பியே இல்லை. தலைக்காயத்திலும் கன்கஷனிலும் மூன்று கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. தொப்பி கொடுத்தவர்களில் நிறைய பேர் ஒழுங்காகப் போடவில்லை என்பதும் உண்மைதான். ஆனால், போட்டவர்களைத் தனியாகப் பார்த்தபோதும் லாபம் தெரியவில்லை.

ஜப்பானில் பள்ளிக்கூடப் பசங்களுக்கு ஹெட்கியர் கட்டாயம். அவர்கள் முட்டாள்கள் இல்லை. சின்ன வயசில் தலையில் வெட்டு விழாமல் இருப்பதும் நல்லதுதானே? தவிர, இன்னும் நல்ல பொருளில், இன்னும் தடிமனாகத் தொப்பி செய்கிற முயற்சிகளும் நடக்கின்றன. நாளைக்கே மூளையையும் காக்கிற தொப்பி ஒன்று மைதானத்தில் நிரூபித்துக் காட்டினால், கட்டாயமாக்கச் சொல்லி முதல் கையெழுத்து நான் போடுவேன். இன்று கடையில் இருக்கிற தொப்பிக்கு என் கையெழுத்து கிடையாது!

'கேப் போட்டிருக்கேன்ல...'

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று நம்ம ஊரில் சொல்வார்கள். ரக்பியில் தலைக்கு வருவது தொப்பியோடு போவதில்லை. ஆனால் போய்விடும் என்று நம்புகிறோம் பாருங்க... அங்கேதான் வினை!

போன வருஷம் ஒரு ப்ராக்டீஸ் மேட்ச். எங்கள் டீமில் தொப்பி போடுகிற ஒரே ஆள் என் ரூம்மேட்தான். வீட்டில் வாங்கிக் கொடுத்தது. தொப்பி ஏறினால் அவள் ஆளே வேற. எதிரில் லாரி வந்தாலும் தோளைக் கொடுப்பாள். அன்றைக்கு செகண்ட் ஹாஃபில் ஒருத்தியை டேக்கிள் செய்யப் போய், அவள் முழங்காலில் இவள் தலை இடித்தது. டக்கென்று எழுந்துவிட்டாள். கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "ஸ்கோர் என்னடி?" என்றாள். சொன்னேன். ஒரு நிமிஷம் கழித்து, "ஸ்கோர் என்னடி?" என்றாள். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை அவள் வாயைத் திறந்ததும் நான் கையைத் தூக்கி சாரைக் கூப்பிட்டுவிட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்! கேப் போட்டிருக்கேன்ல!"

அவள் சொன்ன அந்த வார்த்தையை எதிரணி கோச்கூட நம்பினார். 'கேப் இருக்கே, விடுங்க, ஆடட்டும்' என்றார். எங்கள் சார் விடவில்லை. அழுதுகொண்டே வெளியே போனாள். அன்று ராத்திரி ரெண்டு தடவை வாந்தி. டாக்டர் பார்த்துவிட்டு கன்கஷன் என்று சொல்லி, படிப்பு, மொபைல், ஆட்டம் எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுத்தார். அவள் என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஒரே ரூமில், ஒரே ஃபேன் அடியில் நாலு நாள்! 'போட்டுக் கொடுத்துட்டே' என்பதுதான் அவள் கோபம்.

இது என் ரூம்மேட்டின் பிரச்னை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 15 வயதுக்கு உட்பட்ட ஸ்கூல் பசங்களிடம் கேட்டபோது, தொப்பி போட்டால் இன்னும் தைரியமாக ஆடுவதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். காதைக் காக்கிற ஒரு துணி, மூளைக்கும் கேரண்டி கொடுத்த மாதிரி தோன்றிவிடுகிறது. அதை 'கட்டாயம்' என்று ரூலாகவே போட்டால் என்ன ஆகும்? பெற்றோர், கோச், ரெஃப்ரி, ஆடுகிறவர் என்று எல்லாருக்கும் 'நம்ம கடமை முடிஞ்சுது' என்கிற நிம்மதி வந்துவிடும். எனக்குப் பயம் அந்த நிம்மதி மேல்தான்.

ஏன் இவ்வளவு பயம்? கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்று ஒரு பெண். 17 வயசு. ஸ்கூல் ரக்பி டீம் கேப்டன். 2013 மே மாதம், ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து தலையில் அடி. கன்கஷனாக இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம். மொபைலில் அதைப் பற்றித் தேடியும் பார்த்திருக்கிறாள். ஆனால் பெரியவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மேட்சிலும் இறங்கினாள். டேக்கிளில் விழுந்தவள் எழவில்லை. நாலு நாளில் இறந்துபோனாள். முதல் அடி ஆறுவதற்குள் மூளையில் இன்னொரு அடி விழுந்தால், மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிரையே எடுத்துவிடலாம். அவள் பெயரிலேயே 2018-ல் ஒன்டாரியோ மாநிலம் 'ரோவன் சட்டம்' கொண்டுவந்தது. ஆடுகிறவர், பெற்றோர், கோச் எல்லாரும் கன்கஷன் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ளணும். சந்தேகம் வந்தால் ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்கணும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம்.

உயிர் தப்பியவர்களின் கதையும் உண்டு. 2003-ல் இங்கிலாந்து உலகக் கோப்பையை ஜெயித்த ஃபைனலில் ஆடியவர் ஸ்டீவ் தாம்ப்சன். 2020-ல், தன் 42-வது வயதில், மறதி நோய் வந்திருப்பதாக வெளியே சொன்னார். அந்தக் கோப்பையை ஜெயித்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. எதுக்காக மூச்சைக் கொடுத்து ஆடினாரோ, அந்த நாளே மனசில் இல்லை!

அப்ப பைக் ஹெல்மெட்?

"அதெல்லாம் சரிடி... 2015-ல ஹெல்மெட் கட்டாயம்னு ஹைகோர்ட்டே சொன்னப்போ உங்கப்பா முணுமுணுத்தாரு. இப்ப அது இல்லாம தெருமுனைக்குக்கூடப் போறதில்ல. கட்டாயம்னு சொன்னாத்தானே நம்ம ஜனம் கேக்கும்?" என்று மடக்கினார் அம்மா.

நல்ல கேள்வி. பைக் ஹெல்மெட் ரோட்டில் மண்டை பிளப்பதைத் தடுக்கிற மாதிரியே செய்தது. வெளியே கெட்டி ஓடு, உள்ளே அடியை வாங்கி நசுங்குகிற தெர்மாகோல். எந்த ஆபத்துக்குப் பயப்படுகிறோமோ, அந்த ஆபத்தைத் தடுக்கிறது. அதனால் அதைக் கட்டாயமாக்கியது நூற்றுக்கு நூறு சரி. ஸ்க்ரம் கேப், நாம் பயப்படுகிற ஆபத்தைத் தடுப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. கட்டாயப்படுத்துகிற அதிகாரத்தை வேலை செய்கிற விஷயத்துக்குத்தான் செலவு செய்யணும். தவிர, எங்கள் டீமில் ஷூவையே மாற்றி மாற்றிப் போட்டு ஆடுகிற பொண்ணுங்க இருக்காங்க. ஒரு தொப்பி சில ஆயிரம் ரூபாய். அதைக் கட்டாயமாக்கினால் முதலில் வீட்டுக்குப் போவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்காகப் போட்டுக்கோயேன்" என்றார். போட்டுக்கொள்கிறேன். காதுக்கும் நல்லது, அம்மா தூக்கத்துக்கும் நல்லது. ஆனால் அது என் விருப்பம், ரூல் இல்லை.

எதைக் கட்டாயமாக்கலாம்?

ரக்பியில் தலையில் படும் அடிகளில் நாலில் மூணு பங்கு டேக்கிளில்தான் நடக்கிறது. அதிலும் டேக்கிள் செய்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். நிமிர்ந்து நின்று நெஞ்சுக்கு மேலே மோதினால், தலையும் தலையும் ஒரே உயரத்தில் வரும். அதனால்தான் பிரான்ஸ் 2019-ல் அமெச்சூர் ஆட்டத்தில் டேக்கிளை இடுப்புக்குக் கீழே இறக்கியது. இங்கிலாந்து 2023-ல் நெஞ்செலும்பின் அடிக்குக் கீழே என்று கொண்டுவந்தது. குனிந்து, தலையைச் சரியான பக்கம் வைத்து, தொடையைப் பிடிப்பது எப்படி என்று கபடி ஆடுகிற நம்ம ஊர்ப் பொண்ணுக்குச் சொல்லியா தரணும்? முதல் கட்டாயம் இதுதான்: தலையை எங்கே வைப்பது என்று தெரியாதவரை மேட்சில் இறக்கக் கூடாது.

ரெண்டாவது, அடி பட்டவர் 'ஆடுறேன்' என்று சொன்னால் அந்தப் பேச்சைக் கேட்கவே கூடாது. குலுங்கிப்போன மூளைதானே அந்த வார்த்தையைச் சொல்கிறது? பிரிட்டனில் சின்ன கிளப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் 2023-ல் கொடுத்த வழிகாட்டி சிம்பிளாகச் சொல்கிறது. சந்தேகம் வந்தாலே வெளியே, அன்றைக்குத் திரும்ப ஆடக் கூடாது, 21 நாளுக்கு முன்னால் போட்டியில் இறங்கக் கூடாது. காசு செலவில்லாத ரூல்!

பி.டி. சார் கூட்டிய மீட்டிங்கில் இதைத்தான் சொன்னேன். ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்களின் அப்பா அம்மா முகத்தில் முதலில் நம்பிக்கை வரவில்லை. கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு பொருளாவது வேண்டும் இல்லையா அவர்களுக்கு? அப்போதுதான் என் ரூம்மேட் எழுந்தாள். ஆமாம், நாலு நாள் பேசாமல் இருந்த அதே ஆள்! "அன்னிக்கு செகண்ட் ஹாஃப் எனக்கு இன்னிவரைக்கும் ஞாபகம் இல்ல ஆன்ட்டி. கேப் போட்டுக்கிட்டுத்தான் ஆடினேன். இவ சொல்லலைன்னா நான் வெளிய வந்திருக்க மாட்டேன்" என்றாள். ஹாலில் ஒரு சத்தமில்லை.

அன்று முடிவானது இது. தொப்பி அவரவர் இஷ்டம். ஆனால் ஒவ்வொரு மேட்சுக்கும், அன்று ஆடாத ஒருத்தி கையில் ஒரு மஞ்சள் துண்டு. பந்தைப் பார்ப்பது அவள் வேலையில்லை, எங்கள் தலைகளைப் பார்ப்பதுதான் வேலை. யாராவது தடுமாறினாலோ, ஸ்கோரை ரெண்டு தடவை கேட்டாலோ துண்டைத் தூக்குவாள். தூக்கினால் கேப்டனாக இருந்தாலும் பேச்சு மூச்சில்லாமல் வெளியே வரணும். துண்டைத் தூக்கியவளோடு யாரும் நாலு நாள் பேசாமல் இருக்கக் கூடாது என்பதும் ரூலில் உண்டு! முதல் மேட்சில் துண்டு யார் கையில் என்று கேட்கறீங்களா? என் ரூம்மேட்தான் சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள்.

உங்கள் காலேஜில் ரக்பியோ, ஃபுட்பாலோ, கபடியோ, எது ஆடினாலும் சரி... பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிற மாதிரி, பெஞ்சில் ஒரு இடத்துக்கு இப்போதே துண்டு போட்டு வையுங்க. அங்கே போய் உட்காருவதில் ஒரு கேவலமும் இல்லை ஃப்ரெண்ட்ஸ்!